நான்கு நாளில் ஐரோப்பா

அமெரிக்கப் பள்ளியொன்றில் மே மாதக் கடைசி. தலைமையாசிரியர் கால்பந்துக் கோச்சைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, பதவி உயர்வு கொடுப்பவரைப்போல் முகத்தை வைத்துக்கொண்டு சொல்கிறார்: "ஆகஸ்டிலிருந்து ஏ.பி. ஐரோப்பிய வரலாறு உங்களுக்குத்தான்." இத்தனை வருடமாக அதை எடுத்துவந்த அம்மையார் ஓய்வு பெற்றுவிட்டார். கோச் கல்லூரியில் படித்தது சமூகவியல். அதனால் என்ன? அவரிடம் 'சமூக அறிவியல்' ஆசிரியர் உரிமம் இருக்கிறதே. பல மாநிலங்களில் அந்த ஒரே காகிதத்தை வைத்துக்கொண்டு வரலாறு, பொருளியல், புவியியல், குடிமையியல் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். மார்ட்டின் லூதர் வேறு, மார்ட்டின் லூதர் கிங் வேறு என்று தெரிந்திருந்தால் ஆள் தகுதியானவர். மிச்சத்தை நான்கு நாள் கோடைப் பயிற்சி பார்த்துக்கொள்ளும்.

கோச் என் கற்பனை. நிலைமை கற்பனையில்லை. 'எங்கள் வரலாற்று வாத்தியாருடைய முதல் பெயர் கோச்' என்பது அமெரிக்கப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சிரிக்கும் கிண்டல். கால்குலஸ் தெரியாதவரைக் கால்குலஸ் வகுப்புக்கு அனுப்பப் பள்ளிக்கூடம் கொஞ்சமாவது தயங்கும். வரலாற்றுக்கு அந்தத் தயக்கம் கிடையாது. செத்தவர்களைப் பற்றிய பாடம்தானே, தப்பாகச் சொன்னால் எழுந்து வந்தா கேட்கப்போகிறார்கள்?

ஏ.பி. என்பது பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தப்படும் பாடம் என்று பெயர். மே மாதம் தேர்வு. மதிப்பெண் 1 முதல் 5 வரை. 3 வாங்கினாலே பல மாநிலங்களின் அரசுக் கல்லூரிகள் அதைப் பாடக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் உள்ள நம் தமிழ்க் குடும்பங்களில் விருந்துக்குப் போனால், காபி வருவதற்கு முன்பே "உங்க பொண்ணு எத்தனை ஏ.பி.?" என்ற கேள்வி வந்துவிடும். இதையெல்லாம் நடத்துவது காலேஜ் போர்டு. 1900-ல் பிறந்த அமைப்பு. லாப நோக்கம் அற்றது. அதை இன்னொரு முறை அழுத்திச் சொல்கிறேன்: லாப நோக்கம் அற்றது. ஆண்டு வருமானம் 100 கோடி டாலரைத் தொட்டுத் திரும்பும். தலைமை அதிகாரியின் ஆண்டுச் சம்பளம் 10 லட்சம் டாலரைத் தாண்டிப்போகும். ஒரு பிள்ளை ஒரு பாடம் எழுத ஏறக்குறைய 100 டாலர் கட்டணம். லாப நோக்கம் மட்டும் கிடையவே கிடையாது. துறவிகள்.

இந்தத் துறவிகளின் ஆசியோடு நடப்பதுதான் கோடைப் பயிலரங்கு. ஏதாவது ஒரு பல்கலைக்கழக வளாகத்திலோ கணினித் திரையிலோ, பெரும்பாலும் நான்கு நாள், 30 மணி நேரம். இடத்துக்கு இடம் கட்டணம் மாறும்; எண்ணூறு, ஆயிரம் டாலர் என்பது சாதாரணம். பள்ளி கொடுத்தால் பள்ளி, இல்லையென்றால் வாத்தியாரின் சொந்தப் பை. வாத்தியார் வகுப்புக்காகவும் பயிற்சிக்காகவும் தன் கைக்காசைச் செலவழித்தால், 2022 முதல் 2025 வரையிலான ஆண்டுகளில் 300 டாலர்மட்டும் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள அமெரிக்க அரசு பெருந்தன்மையோடு அனுமதித்தது. மேலே போனதெல்லாம் கல்விச் சேவை.

கோச்சின் நிலையிலிருந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாடத்தின் எல்லை 1450-லிருந்து இன்றுவரை. சுமார் 575 ஆண்டு. முப்பது மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்குப் பத்தொன்பது ஆண்டு. பதினைந்து நிமிடக் காபி இடைவேளையில் நாலே முக்கால் ஆண்டு ஓடிவிடும். அதாவது கோச் குழாயடியில் கோப்பையைக் கழுவித் திரும்புவதற்குள் முதல் உலகப் போர் தொடங்கி, சோம் நதிக்கரைச் சேற்றில் லட்சக்கணக்கானோர் மடிந்து, ஜாரின் முடி உருண்டு, ஜெர்மன் பேரரசர் ஹாலந்துக்கு ஓடி, சண்டை நிறுத்தமும் கையெழுத்தாகியிருக்கும். சர்க்கரை போட்டுக் குடித்தால் வெர்சேல்ஸ் ஒப்பந்தமும் போச்சு.

ஆனால் கோச் கவலைப்படத் தேவையில்லை. அந்த நான்கு நாளில் யாரும் அவருக்கு ஐரோப்பிய வரலாற்றைச் சொல்லித்தரப் போவதில்லை. வரலாறு அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்று ஒரு மரியாதை. தெரியாவிட்டால் பாடநூல் இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஓர் அத்தியாயம் முன்னால் ஓடினால் போதும். பயிலரங்கின் உண்மையான பாடப்பொருள் தேர்வுத்தாள். 55 கொள்குறி வினாவுக்கு 55 நிமிடம், மூன்று குறுவிடைக்கு 40 நிமிடம், ஏழு ஆவணங்களை வைத்து எழுதும் கட்டுரைக்கு ஒரு மணி நேரம், ஆவணமில்லாத கட்டுரைக்கு 40 நிமிடம். இந்த மூன்றே கால் மணி நேரம்தான் ஐரோப்பா. மாக்கியவெல்லியும் மெட்டர்னிக்கும் அதற்குள் இடம் பிடித்துக்கொள்ள வேண்டியவர்கள்.

நான்கு நாளில் பாதி, மதிப்பெண் அட்டவணைக்கே போய்விடும். ஆவணக் கட்டுரைக்கு 7 புள்ளி. மையவாதம் ஒன்றைச் சொல்லிவிட்டால் 1. பின்னணி சொன்னால் 1. ஆவணங்களை எடுத்தாண்டால் 2. ஆவணத்தில் இல்லாத ஒரு தகவலை வெளியிலிருந்து கொண்டுவந்தால் 1. ஆவணத்தை எழுதியவர் யார், யாருக்கு எழுதினார், எதற்காக, எந்தச் சூழலில் என்று இரண்டு ஆவணத்துக்குச் சொன்னால் 1. கடைசிப் புள்ளி 'சிக்கலான புரிதலுக்கு'. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த ஆவணக் கட்டுரைக்கு ஒரு நல்ல பூர்வீகம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 1973-ல் அமெரிக்க வரலாற்றுத் தேர்வில் முதன்முதலாக வந்தது. கைல்ஸ் ஹேய்ஸ், ஸ்டீபன் கிளைன் என்ற இருவர் முன்னின்று உருவாக்கியது. பிள்ளைகள் மனப்பாடத்தைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள், பழைய காகிதங்களைக் கையில் கொடுத்து வரலாற்றாசிரியரைப்போல் யோசிக்க வைப்போம் என்பதுதான் எண்ணம். அருமையான எண்ணம். ஐம்பது ஆண்டில் அதற்கு என்ன ஆனது? யோசிப்பதற்கே ஒரு சூத்திரம் செய்து, அந்தச் சூத்திரத்துக்கு ஒரு சுருக்கப் பெயர் வைத்து, அதைச் சுவரொட்டியாக அடித்து வகுப்பில் மாட்டி, பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைத்துவிட்டார்கள். மனப்பாடத்தைத் துரத்தப் போன ஆளே மனப்பாடத்துக்கு மாப்பிள்ளையாகித் திரும்பினார்.

காங்கோவைப் பற்றி ஒரு பயிற்சி வினா என்று வைத்துக்கொள்ளுங்கள். பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு 1885 முதல் 1908 வரை அந்த நாட்டைத் தன் சொந்தச் சொத்தாக வைத்திருந்தார். பெல்ஜியத்தின் குடியேற்றமாகக்கூட அல்ல, தனக்கே தனக்கு. காட்டு ரப்பரில் இவ்வளவு கொண்டுவா என்று ஊருக்கு ஊர் அளவு போட்டார்கள். கொண்டுவராத ஊரில் ஆட்களைச் சுட்டார்கள். தோட்டாவை வீணாக்கவில்லை என்று கணக்குக் காட்டக் கைகளை வெட்டிக் கூடையில் கொண்டுவந்தார்கள். 1890-ல் ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் அங்கே போய்ப் பார்த்து மன்னருக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார். 1904-ல் பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மென்டின் அறிக்கை வந்தது. அதே ஆண்டு ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்ற மிஷனரிப் பெண் ஒரு படம் எடுத்தார்: திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு தகப்பன், அவன் எதிரே தரையில் அவனுடைய சின்ன மகளின் வெட்டப்பட்ட கையும் பாதமும். தகப்பன் பெயர் ன்சாலா.

இப்போது பதினாறு வயதுப் பிள்ளை இந்தப் படத்தின் முன் உட்கார்ந்திருக்கிறாள். பயிலரங்கில் பழகிவந்த ஆசிரியர் அவளிடம் என்ன கேட்பார்? "நோக்கம் என்ன? சரி. யாரைக் கருதி எடுத்தது? பிரிட்டிஷ் வாசகரை. நல்லது. அதை வாதத்தோடு இணைத்து ஒரு வாக்கியம் எழுதிவிடு. புள்ளி வந்துவிட்டது. அடுத்த ஆவணம்." அந்தத் தகப்பன் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அவள் கேட்டால், நேரம் போகிறது என்பார். ஏழு ஆவணத்துக்கும் சேர்த்து வாசிக்கப் பதினைந்து நிமிடம். ன்சாலாவுக்கு இரண்டு நிமிடமும் சொச்சமும். பிள்ளைக்குக் கண்ணில் நீர் வந்தால் அதற்கு அட்டவணையில் கட்டம் இல்லை. கோபம் வந்தால் அதற்கும் இல்லை. கோபத்தை அளக்க முடியாது என்பது நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அளக்க முடியாததையெல்லாம் வகுப்பறையிலிருந்தே துடைத்தெறிய வாத்தியாருக்கு ஆயிரம் டாலர் கட்டிப் பயிற்சி எதற்கு? லியோபோல்டின் குமாஸ்தாக்களும் கைகளை எண்ணிக் கணக்கில்தான் எழுதினார்கள். அவர்களுக்கு யாரும் பயிலரங்கு நடத்தவில்லை.

'சிக்கலான புரிதல்' புள்ளிக்கு வருகிறேன். தொடக்கத்தில் அது எட்டாக் கனியாக இருந்தது. உண்மையில் சிந்தித்து, எதிர்வாதத்தையும் எடைபோட்டு எழுதிய பிள்ளைக்குத்தான் அபூர்வமாகக் கிடைக்கும். இத்தனை பேருக்குக் கிடைக்காத புள்ளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 2023-ல் விதியைத் திருத்தினார்கள். இப்போது சிக்கலான புரிதலைக் காட்டப் பல வழி. ஏழு ஆவணங்களையும் வாதத்துக்குத் திறம்படப் பயன்படுத்தினால் அதுவும் சிக்கலான புரிதல்தான். நான்கு ஆவணத்துக்கு எழுதியவரின் நோக்கம், பார்வை முதலியவற்றை விளக்கினாலும் சிக்கலான புரிதல்தான். ஏழுவரை எண்ணத் தெரிந்த பிள்ளை இனி எராஸ்மஸுக்குப் பக்கத்தில் உட்காரலாம்.

பயிற்சி கட்டாயமா என்றால், இல்லை. காலேஜ் போர்டு வற்புறுத்துவதில்லை, பரிந்துரைக்கும். கட்டாயம் என்று இருப்பது 2007-லிருந்து நடைமுறையில் உள்ள பாடத்திட்டத் தணிக்கை. தணிக்கை என்றதும் கோச்சுக்கு வயிற்றைக் கலக்கும். கலங்க வேண்டாம். ஆசிரியர் தன் பாடத்திட்டத்தைத் தானே எழுதி அனுப்பலாம். அல்லது காலேஜ் போர்டே எழுதி வைத்திருக்கும் மாதிரியை "இதுவே என்னுடையது" என்று ஏற்றுக்கொள்ளலாம். ஏற்றுக்கொண்டால் காலேஜ் போர்டு தான் எழுதியதைத் தானே பரிசீலித்து, தரமானது என்று மகிழ்ந்து, பள்ளிக்கு அனுமதி கொடுக்கும். கல்வியுலகில் இவ்வளவு சுமுகமான தணிக்கையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

மொத்த வியாபாரமும் அப்படித்தான். பாடத்தை வகுப்பவரும் அவர்தான், தேர்வு வைப்பவரும் அவர்தான், தேர்வுக்கு வாத்தியாரைத் தயார்செய்யும் பயிலரங்குக்கு முத்திரை குத்துபவரும் அவர்தான். தேர்வு மே மாதம். பணம் கட்டிப் பெயர் பதிய நவம்பரில் கெடு. தாண்டினால் 40 டாலர் கூடுதல். பதிந்துவிட்டுப் பிள்ளை மனம் மாறினாலும் 40 டாலர். கத்தோலிக்கத் திருச்சபை பாவமன்னிப்புச் சீட்டு விற்றதையும் அதை எதிர்த்து 1517-ல் லூதர் 95 வாதங்கள் எழுதியதையும் இதே பாடத்தின் இரண்டாம் அலகில் நடத்த வேண்டும். எந்த வாத்தியாராவது அந்த வகுப்பில் சிரிக்காமல் இருந்தால் அவருக்குத் தனிப் புள்ளி கொடுக்கலாம்.

தேர்வின் தரம் பற்றி மறுபடி மறுபடி பேசுவார்கள். 2020-ல் கோவிட் வந்தது. மூன்றே கால் மணி நேரத் தேர்வு, வீட்டில் உட்கார்ந்து எழுதும் 45 நிமிடக் கட்டுரை ஒன்றாகச் சுருங்கியது. கடைசி இரண்டு அலகுகளைத் தேர்விலிருந்தே எடுத்துவிட்டார்கள். அந்த இரண்டு அலகில்தான் இரு உலகப் போர்களும், யூதப் படுகொலையும், பனிப்போரும் இருக்கின்றன. ஹிட்லரை ஸ்டாலின்கிராடில் நிறுத்த எத்தனை லட்சம் உயிர் போனது. காலேஜ் போர்டு ஒரு மின்னஞ்சலில் முடித்துவிட்டது. விடையைப் படமெடுத்து அனுப்பிய பிள்ளைகளில் பலருக்கு, கைபேசி சேமித்த படவடிவம் ஒத்துவரவில்லை என்று விடையே ஏறவில்லை. ஏறித் தேறியவர்களுக்கு ஐரோப்பிய வரலாற்றில் கல்லூரித் தகுதி முழுசாகக் கிடைத்தது.

2023 வரை இந்தப் பாடத்தில் 3-ம் அதற்கு மேலும் வாங்கியவர்கள் 60 சதவீதத்தை ஒட்டி இருந்தார்கள். 2024-ல் அது 70 சதவீதத்தைத் தாண்டியது. ஓராண்டில் அமெரிக்கப் பிள்ளைகள் திடீரென்று வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கையில் ஊறித் திளைத்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட வேண்டாம். மதிப்பெண் எல்லைக்கோட்டை நிர்ணயிக்கும் முறையை மாற்றினார்கள். சான்றுகளின் அடிப்படையில் மாற்றியதாகச் சொல்கிறார்கள். அந்தச் சான்றை யார் எழுதினார், யாருக்காக, எந்த நோக்கத்தில் என்று பிள்ளைகளை வைத்து ஓர் ஆவணக் கட்டுரை எழுதச் சொன்னால் நன்றாக இருக்கும்.

பயிலரங்குக்கு வரும் எல்லாரும் கோச்கள் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருபது முப்பது வருடம் இந்தப் பாடத்தோடு வாழ்ந்தவர்களும் வருகிறார்கள். அவர்கள் வாய்திறப்பது மதிய உணவு வேளையில். வகுப்பில் எந்தக் கடிதத்தை வாசித்தபோது பிள்ளைகள் அமைதியானார்கள், எந்த ஓவியத்தின் முன் சண்டை போட்டுக்கொண்டார்கள் என்று சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வார்கள். ஒரு புதிய ஆசிரியருக்கு உண்மையில் தேவையான பயிற்சி அந்த ஒரு மணி நேரம்தான். அதற்குக் கட்டணமும் இல்லை, அட்டவணையும் இல்லை. மணி அடித்ததும் எல்லாரும் எழுந்து போய் மையவாதத்தை எந்த வரியில் வைப்பது என்று மறுபடி உட்காருவார்கள்.

இப்படி ஒரு பாடம் எங்கே போயிருக்கலாம் என்று நினைத்தால்தான் வயிறு எரிகிறது. ஆஸ்திரிய வாரிசுரிமைப் போரை எடுத்துக்கொள்ளுங்கள். வியன்னா அரண்மனையில் ஒரு பெண் பட்டத்துக்கு வரலாமா என்று தொடங்கிய தகராறு. அதற்காகப் பிரெஞ்சுக்காரர்கள் 1746-ல் நம் சென்னைப் பட்டினத்தைப் பிடித்தார்கள். புனித ஜார்ஜ் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. இரண்டு வருடம் கழித்து ஆகன் நகரில் கையெழுத்தான ஒப்பந்தத்தில், கனடாக் கரையில் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த லூயிஸ்பர்க் கோட்டையைக் கொடுத்துச் சென்னையைத் திரும்ப வாங்கினார்கள். லூயிஸ்பர்க்கைப் பிடித்ததோ நியூ இங்கிலாந்துக் குடியேறிகள். தங்கள் ரத்தம் பண்டமாற்றாகப் போனதென்று அவர்கள் கொதித்தார்கள். மீன்பிடிக் கரையோரக் கோட்டை ஒன்றும் சென்னையின் கறுப்பர் நகரத்து நெசவாளர்களும் ஜெர்மன் மேசையில் எடைக்கு எடை. பாஸ்டனில் படிக்கும் பிள்ளைக்கும் பக்கத்து மேசையில் இருக்கும் சென்னை வம்சாவளிப் பிள்ளைக்கும் ஒரே நாளில் சொல்லக்கூடிய கதை இது. சொல்ல வேண்டுமென்றால் வாத்தியாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிய வேண்டுமென்றால் யாராவது அவரை ஒரு கோடை முழுக்க நூலகத்தில் உட்காரவைக்க வேண்டும், அதற்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும். நான்கு நாளும் ஒரு கோப்புறையும் அதைவிட மலிவு.

அரசியல்வாதிகளும் பேரறிஞர்களும் இதைப் பற்றிக் கவலைப்படுகிறார்களா என்றால், கவலைப்படுகிறார்கள், தங்கள் பாணியில். 2014-ல் ஏ.பி. அமெரிக்க வரலாறு நாட்டுப்பற்று இல்லாமல் இருக்கிறது என்று குடியரசுக் கட்சியின் தேசியக் குழு தீர்மானம் போட்டது. 2015-ல் காலேஜ் போர்டு பாடத்தைத் திருத்தியது. ஐரோப்பிய வரலாற்றுக்கும் ஒரு காவலர் கிடைத்தார். 2016-ல் நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ஸ்காலர்ஸ் என்ற பழமைவாதக் கல்விச் சங்கம், புதிய பாடச் சட்டகத்தில் சர்ச்சிலின் பெயரைக் காணோம் என்று அறிக்கை விட்டது. நியாயமான புகார். நானும் சர்ச்சிலைத் தேடுகிறேன். 1943 வங்கப் பஞ்சத்தின்போது அவர் எங்கே இருந்தார், கப்பல்கள் எங்கே இருந்தன என்று கேட்பதற்காகத் தேடுகிறேன். அந்தப் பஞ்சத்தைக் காணோம் என்று எந்தச் சங்கமும் அறிக்கை விட்டதாக என் கண்ணில் படவில்லை. இருபது முப்பது லட்சம் பேர் செத்தது ஐரோப்பிய வரலாறு ஆகாது போலும். தீர்ப்பு எழுதியவர்கள் லண்டனில் இருந்தார்கள், செத்தவர்கள்தான் வேறு பாடத்தில் சேர்த்தி.

பள்ளிகள் ஏன் ஆளில்லாமலும் இந்த வகுப்பை விடாமல் நடத்துகின்றன? 1998-ல் ஜே மேத்யூஸ் என்ற பத்திரிகையாளர் பள்ளிகளை வரிசைப்படுத்த ஒரு முறை கண்டுபிடித்தார்: பிள்ளைகள் எழுதிய ஏ.பி. போன்ற தேர்வுகளின் எண்ணிக்கையை, அந்த ஆண்டு பள்ளி முடிப்பவர் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். தேறினார்களா என்பது கணக்கில் இல்லை. எழுதினார்களா என்பதுதான். அன்று பிடித்த ஓட்டம். தரவரிசை ஏறினால் பள்ளிக்குப் பெயர், பெயர் ஏறினால் அந்த வட்டாரத்தில் வீட்டு விலை ஏறும். ஃபுளோரிடா மாநிலத்தில் 3-ஓ அதற்கு மேலோ வாங்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆசிரியருக்கு 50 டாலர் ஊக்கத்தொகை என்று சட்டமே இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சியில் தலைக்கு இவ்வளவு என்று விலை வைத்ததாக நான் படித்ததில்லை, இங்கே வைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகள் தரப்பு லாபம் இன்னும் சுவையானது. இந்தப் பாடத்தில் தேறினால் பல கல்லூரிகளில் கட்டாய வரலாற்றுப் பாடத்திலிருந்து விலக்கு. அதாவது பதினாறு வயதில் வரலாற்றைச் சிறப்பாகப் படிப்பதற்குப் பரிசு, இனி ஆயுசுக்கும் வரலாறு படிக்க வேண்டாம் என்பது. 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பின் வந்த பத்தாண்டில், வரலாற்றைப் பட்டப் பாடமாக எடுப்பவர்கள் அமெரிக்காவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். அதனால் வரலாறு படித்த ஆசிரியர் கிடைப்பதில்லை. அதனால்தான் தலைமையாசிரியர் மே மாதக் கடைசியில் கோச்சைக் கூப்பிடுகிறார்.

கோச் பயிலரங்கை முடித்தார். சான்றிதழ் வந்தது. ஆகஸ்டில் வகுப்பைத் தொடங்கி, பிள்ளைகளுக்கு ஓர் அத்தியாயம் முன்னால் மூச்சிரைக்க ஓடி, நடுவில் வெள்ளிக்கிழமை ஆட்டங்களையும் பார்த்துக்கொண்டு, பிப்ரவரி வாக்கில் தனக்கே நெப்போலியன் பிடித்துப்போனதைக் கண்டார். நூலகத்திலிருந்து ரஷ்யப் படையெடுப்பைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் எடுத்துவந்தார். பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு வாரத்தை மாஸ்கோவிலிருந்து திரும்பிவந்த சேனைக்கு ஒதுக்கினார். பிள்ளைகள் வாய்பிளந்து கேட்டார்கள். அந்த வாரத்துக்குத் தேர்வில் ஒரு கேள்வியும் வரவில்லை. மாதிரித் தேர்வுகளில் வகுப்பின் சராசரியும் கொஞ்சம் இறங்கியிருந்தது. மே மாதக் கடைசியில் தலைமையாசிரியர் மறுபடி அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அடுத்த ஆண்டு கோச்சுக்கு ஏ.பி. உளவியல். பயிலரங்கு ஜூன் மூன்றாம் வாரம், நான்கு நாள், கட்டணம் முன்கூட்டியே.